ராகுகாலத்தில் போட்ட படம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் இரண்டு வாசனைகள் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். ஒன்று, அம்மா அடுப்பில் ஏற்றியிருக்கும் கறிக்குழம்பின் வாசனை. இன்னொன்று, முன்னறையில் அப்பா வீடியோ ‘டெக்’கைத் திறந்து வைத்துக்கொண்டு வெள்ளைத் துணியில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் தொட்டு அதன் ‘ஹெட்’டைத் துடைக்கிற வாசனை. ஸ்பிரிட் வாசனை கறிக்குழம்பைத் தோற்கடித்துவிட்டு வீட்டின் கடைசி அறை வரைக்கும் வந்துவிட்டதென்றால் இன்னும் சற்று நேரத்தில் அந்தப் படம் ஓடப்போகிறது, வீட்டில் இருக்கிற ஒருவரும் அதிலிருந்து தப்ப முடியாது என்று பொருள். இன்றைக்கும் ஆஸ்பத்திரியில் ஊசி போடுவதற்கு முன்பு கையில் ஸ்பிரிட் பஞ்சை வைத்துத் துடைக்கும்போது ஊசியின் பயம் எனக்கு வருவதில்லை. அந்தப் படத்தில் எழுத்துப் போடும்போது வருகிற வீணை இசைதான் காதில் ஒலித்து, ‘ஐயோ, மறுபடியுமா’ என்று ஓர் அலுப்பைக் கிளப்பிவிடுகிறது.

தொண்ணூறுகளின் முற்பகுதி அது. கோயம்புத்தூரில் கணபதிப் பக்கம் எங்கள் வீடும், வீட்டுக்குப் பின்னாலேயே அப்பாவின் லேத் பட்டறையும் இருந்தன. அப்பா பழனிச்சாமி, மோட்டார் பம்புகளுக்கு வேண்டிய உதிரிகளைக் கடைந்து கொடுக்கிறவர். வாரம் முழுக்க இரும்போடு பழகியதாலோ என்னவோ மனிதர்களோடு அதிகம் பேசமாட்டார். எங்கள் தெருவுக்குக் கேபிள் டி.வி. வந்து, வீட்டுக்கு வீடு மொட்டைமாடி வழியாகக் கறுப்பு ஒயர் தொங்கத் தொடங்கிய சமயத்தில், தெருமுனையில் வீடியோ கேசட் வாடகைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவர் கடையைக் காலி செய்தார். ஊரே டெக்கைக் கைவிட்டுக் கேபிளுக்குப் போன அந்த வாரத்தில், கேபிள் வேண்டாமென்று சொல்லிவிட்டு அந்தக் கடையிலிருந்து பழைய டெக் ஒன்றை வாங்கித் தோளில் சுமந்துகொண்டு வந்த ஒரே மனிதர் என் அப்பாதான். “கேபிள்ல அவன் போடறதத்தான் நாம பாக்கோணும். இதுல நமக்கு வேணுங்கறத நாம போட்டுக்கலாம்” என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அவருக்கு வேண்டியது ஒரே ஒரு படம் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

கறுப்பு வெள்ளைப் படம். பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் யாராவது ஒருவர் “அடடா, என்ன படம்” என்று தொடங்கிவிடுவார்கள், எனக்கு அதைத் தாங்க இப்போது தெம்பில்லை. செய்யாத குற்றத்துக்குச் சிறைக்குப் போன அண்ணன், பல வருடம் கழித்துத் திரும்பி வந்து, இப்போது நீதிபதியாகிவிட்ட தம்பியின் பங்களாவுக்கே காவல்காரனாகச் சேர்கிறான். தான் யாரென்று சொல்லாமல் தம்பிக்குக் கதவு திறந்துவிட்டுக்கொண்டும், திறந்துவிட்ட கதவின் பின்னால் நின்று அழுதுகொண்டும் இரண்டே முக்கால் மணி நேரம் கழிகிறது. அப்பாவின் இளமையில் தமிழ்நாடே இரண்டு நடிகர்களுக்குப் பின்னால் இரண்டாகப் பிரிந்து நின்றதாகச் சொல்வார்கள். ஒருவர் அழுதால் உலகமே அழும். இன்னொருவர் வாளை எடுத்தால் விசில் பறக்கும். அப்பா அழுகிற கட்சி. பட்டறையில் கைவிரலில் இரும்புச் சீவல் ஏறினால்கூட முகம் சுளிக்காத அந்த மனிதர், அண்ணன்காரன் கேட்டைத் திறக்கிற காட்சி வந்ததும் தலைத்துண்டை எடுத்து மடியில் தயாராக வைத்துக்கொள்வார்.

சரி, ஒருவருக்கு ஒரு படம் பிடிக்கிறது, திரும்பத் திரும்பப் பார்க்கிறார், அதனால் மற்றவர்களுக்கு என்ன என்று நீங்கள் கேட்கலாம். தனியாகப் பார்த்தால்தானே. பக்கத்தில் ஆள் இல்லாமல் அவருக்குப் படம் பார்க்க வராது. ஒவ்வொரு வசனத்தையும் நடிகர் வாயைத் திறப்பதற்கு ஒரு விநாடி முன்னாலேயே அப்பா சொல்லிவிடுவார். நாங்கள் திரையைப் பார்க்கிறோமா என்று பக்கவாட்டில் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். யாராவது கொட்டாவி விட்டது தெரிந்தால் நிறுத்தி, பின்னால் ஓட்டி, அந்தக் கொட்டாவிக்குள் தொலைந்துபோன காட்சியை மறுபடி போடுவார். நான் ஒருமுறை தும்மியதற்காகக் கோர்ட்டுக் காட்சி முழுவதையும் எல்லோரும் இரண்டாவது தடவை பார்க்க நேர்ந்தது. அன்றைக்கு அக்கா என்னை முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது.

என் தாய்மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் ஒருவர், பாவம், தண்ணீர் கேட்டு உட்கார்ந்தவர், இடைவேளை வரை எழுந்திருக்க முடியாமல் மாட்டிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் என் வகுப்புப் பெண்கள் முந்தின நாள் கேபிளில் வந்த புதுப்படப் பாட்டுக்கெல்லாம் கை அசைவோடு ஆடிக் காட்டிக்கொண்டிருக்க, நான் மட்டும், அவர்கள் என்னைக் கேட்ட குற்றத்துக்காக, காவல்காரன் சட்டைக் கையை மடிக்கிற விதத்தைக் கண்டு தம்பி அவனை அடையாளம் தெரிந்துகொள்கிற உச்சக்காட்சியை நடித்துக் காட்டினேன். அதற்குப் பிறகு யாரும் என்னைக் கேட்கவில்லை.

அம்மா சரஸ்வதிக்கு இதெல்லாம் புதிதல்ல. “கல்யாணமான புதுசுல வாராவாரம் சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போறாரேன்னு எனக்கு ஒரே பெருமை. அப்பறந்தான் தெரிஞ்சுது, கொட்டாய்தான் வேற வேற, படம் ஒண்ணுதான்னு” என்பாள். “தின்ன சோத்தையே திருப்பித் திங்கலாம், பாத்த கூத்தையே பாத்துட்டு உக்காந்திருக்க முடியுமா” என்று அடுப்படியிலிருந்து அவள் சொல்வது அப்பாவின் காதில் விழும். விழுந்தாலும் அவர் சத்தத்தைத்தான் கொஞ்சம் கூட்டிவைப்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வீட்டில்தான் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார்கள்.

சுமதி அக்கா எனக்குப் பன்னிரண்டு வயது மூத்தவள். பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுக்கு அந்த வேலை மேல் அப்படி ஒரு பிடிப்பு. காய்ச்சல் வந்தாலும் லீவு போடமாட்டாள். அதற்கு முன் வந்த இடங்கள் எல்லாம், “பொண்ணு வேலைக்கெல்லாம் போக வேண்டியதில்லீங்க” என்ற ஒரு வாக்கியத்தில் வந்து நின்றுபோயின. ‘வேண்டாம்’ என்று அக்கா ஒவ்வொரு தடவையும் அமைதியாகத்தான் சொன்னாள். ஆனால் தெருவில் அதற்குள் “பழனிச்சாமி பொண்ணு ஆரைத்தான் கட்டிக்குவாளோ” என்கிற பேச்சு கிளம்பிவிட்டது. அம்மா அதைக் கேட்டுவிட்டு வந்து பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவுவாள்.

அந்த நிலையில்தான் கொடுமுடியிலிருந்து ஓர் இடம் வந்தது. காவிரிக்கரையில் கரும்பும் மஞ்சளும் போடுகிற குடும்பம். பையன் செல்வராஜ் ஈரோட்டில் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராகுகாலம் தொடங்கும் நாலரை மணிக்கு முன்பாகவே வந்து பெண்ணைப் பார்த்துவிடுவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்மா விவரமானவள். அன்று காலையிலேயே அந்தக் கேசட்டை எடுத்துப் பீரோவில் பட்டுச்சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஆனால் அவர்கள் வந்த கார் அவிநாசிப் பக்கத்தில் பஞ்சராகி, வந்து சேரும்போது நாலரை தாண்டிவிட்டது. இனி ஆறு மணிக்கு மேல்தான் பெண்ணைக் கூப்பிட முடியும், பேச்சை எடுக்க முடியும். மாப்பிள்ளையின் அப்பா நாச்சிமுத்து, வெள்ளைச் சட்டையும் தோளில் துண்டுமாக ஆஜானுபாகுவான மனிதர், “அதுக்கென்னுங்க, சும்மா உக்காந்து பேசிட்டிருப்பமுங்க” என்றார். அவர் மனைவி ருக்மணி அம்மாவும் அப்படியே சொன்னார். என் அப்பாவுக்குத்தான் சும்மா உட்கார்ந்து பேச வராதே. ஐந்து நிமிடம் மழையைப் பற்றியும் மஞ்சள் விளைச்சலைப் பற்றியும் விசாரித்தார். பிறகு அவர் கண்கள் மெதுவாக டி.வி. மேசைப் பக்கம் போவதை நான் பார்த்தேன். அடுப்படி வாசலில் நின்ற அம்மாவும் பார்த்தாள்.

“சரசு, கேசட்டு எங்க வெச்சே?”

“அது எங்கியோ வெச்சுபோட்டனுங்க. அப்பறமாத் தேடித் தாரேன்.”

“பீரோவுலதான் இருக்கும், பாரு. வந்தவீங்க சும்மா உக்காந்திருக்கறாங்கல்ல.”

விருந்தாளிகள் முன்னால் அம்மா என்ன செய்வாள். சாவியை எடுத்தாள். வீணை இசை தொடங்கியது. உள்ளறையில் பட்டுச்சேலையும் மல்லிகைப்பூவுமாக உட்கார்ந்திருந்த அக்கா, இரண்டு கைகளாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

நாச்சிமுத்து மாமா பொறுமைசாலிதான். அப்பா வசனங்களை முன்கூட்டியே சொல்லச் சொல்ல, மரியாதைக்குத் தலையாட்டினார். மாப்பிள்ளை செல்வராஜ்தான் நெளிந்துகொண்டிருந்தார். கை கழுவ வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் எழுந்து வந்தார். அங்கே குழாயடியில், புழுக்கம் தாங்காமல் நானும் அக்காவும் நின்றுகொண்டிருந்தோம். மூன்று பேருக்குமே என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் குழாயைத் திறந்து, கையைக் கழுவி, மூடி, மறுபடி திறந்து கழுவினார்.

“படம் எப்பங்க முடியும்?” என்று கேட்டார்.

“அது முடியறதுக்குள்ள நீங்க ஊருக்கே போய்ச் சேந்திருவீங்க” என்றாள் அக்கா.

அவர் சிரித்தார். அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவள், எப்போதும் கேட்பதைப்போலவே நேராகக் கேட்டாள், கல்யாணத்துக்குப் பிறகும் தான் பாடம் நடத்தப் போகலாமா என்று. “ஈரோட்டுலயும் பள்ளிக்கூடம் இருக்குதுங்களே” என்றார் அவர், இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பதுபோல. அவர் உள்ளே போன பிறகு அக்கா குழாயை இறுக மூடினாள். அவள் முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்த நேரத்தில் முன்னறையில் எல்லாம் முடிந்துகொண்டிருந்தது.

அண்ணன்காரன் கேட்டைத் திறந்துவிட்டு அழுகிற காட்சி. அப்பா துண்டை எடுத்துவிட்டார். அப்போது நாச்சிமுத்து மாமா, தமக்குத்தாமே சொல்லிக்கொள்வதுபோல, “அழுதே படத்த ஓட்டிப்போடறாருங்க” என்றார்.

அப்பா படத்தை நிறுத்தினார். “என்னங்க சொன்னீங்க?”

“இல்லீங்க, சும்மா சொன்னனுங்க. எங்காளா இருந்தா இன்னேரத்துக்குச் செவுரேறிக் குதிச்சு, குத்தம் பண்ணுனவன நாலு சாத்துச் சாத்தித் தம்பிகிட்டக் கொண்டாந்து நிறுத்தியிருப்பாருங்க. பாதிப் படத்துலயே சோலி முடிஞ்சிருக்குமுங்க.”

“அது நடிப்புங்களா, சர்க்கஸுங்களா?”

“சனம் கும்பலாப் போயிப் பாத்துதுங்களே.”

“சர்க்கஸுக்கும்தான் கும்பலாப் போறாங்க.”

கொங்குநாட்டில் சண்டை போடுவதைப் பார்க்காதவர்களுக்கு அதை விளக்குவது கஷ்டம். ஒருவர்கூடக் குரலை உயர்த்தமாட்டார். ஒவ்வொரு சொல்லுக்கும் ‘ங்க’ போட்டு, ‘தப்பா நெனச்சுக்காதீங்க’ என்று முன்னுரை சொல்லி, ஒருவரையொருவர் வெட்டிக் கூறுபோட்டுவிடுவார்கள். தப்பாக நினைத்துக்கொள்ள வேண்டாமென்று சொல்லிவிட்டு நாச்சிமுத்து மாமா, அழுகிறவரைக் கும்பிடுகிற வீட்டில் பெண் எடுத்தால் தம் வீட்டில் எந்நேரமும் ஒப்பாரியாகத்தான் இருக்கும் என்றார். தாமும் தப்பாகச் சொல்லவில்லையென்று சொல்லிவிட்டு அப்பா, கத்தி சுழற்றுகிறவனை மெச்சுகிறவர்கள் வீட்டுக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது என்றார். ருக்மணி அம்மா கணவரின் கையைப் பிடித்து இழுத்தார். அம்மா காபித் தட்டோடு நடு அறையில் வந்து நின்றாள். “அப்படீங்களா, சேரீங்க, வாரமுங்க” என்று நாச்சிமுத்து மாமா எழுந்து கும்பிட்டார். ராகுகாலம் முடியக்கூட இல்லை. அக்கா முன்னறைக்கு வரவே இல்லை. காருக்குப் போகிற வழியில் செல்வராஜ் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான்.

இதற்குப் பிறகாவது அப்பாவுக்கு உறைத்திருக்க வேண்டும். அவர் என்ன செய்தார் தெரியுமா. உட்கார்ந்து மீதிப் படத்தைப் பார்த்தார். “மனுசனுக்கு ரசனை வேணும்” என்றார். அந்த நிமிடத்தில் எனக்கு அந்த டெக்கைத் தூக்கிக் கிணற்றில் போட வேண்டும்போல இருந்தது.

அக்கா அழவில்லை, சண்டையும் போடவில்லை. சேலையை மடித்து வைத்துவிட்டு, மறுநாள் திருத்த வேண்டிய பரிட்சைத் தாள்களை எடுத்து உட்கார்ந்தாள். ஆனால் அதிலிருந்து அப்பாவோடு ஒரு சொல்லும் பேசவில்லை. அவர் சாப்பிட உட்கார்ந்தால் இவள் எழுந்துகொள்வாள். அம்மா பேசினாள், ஆனால் குழம்பு ஊற்றும்போது கரண்டி பேசுகிற பேச்சுத்தான் பெரிதாகக் கேட்டது. அப்பா மட்டும், “அந்தாளு சொன்னது தப்புத்தான?” என்று சுவரிடமும் என்னிடமும் நியாயம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஒரு நாள் பட்டறைத் தொலைபேசிக்கு ஒரு அழைப்பு வந்தது. அப்பா வெளியே போயிருந்ததால் நான்தான் எடுத்தேன். “கண்ணு, நான் கொடுமுடி செல்வராஜ் பேசறனுங்க” என்று எதிர்முனையில் தயங்கின குரல். “அப்பாவுக்குக் கோவம் தீந்துதுங்களா? இங்க எங்கப்பாவுக்கு இன்னும் தீரலீங்க. டீச்சர்கிட்டச் சொல்லுங்க, நான் வேற எடம் பாக்க வேண்டாம்னு சொல்லிப்போட்டேன்னு.” பட்டறையிலிருந்து வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். அக்கா கையிலிருந்த சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வழக்கம்போல ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்தபோது அக்கா வந்து அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். கோபமில்லாமல், வகுப்பில் புரியாத பையனுக்குக் கணக்கைச் சொல்லிக் கொடுப்பதுபோலத்தான் பேசினாள்.

“அப்பா, தம்பிக்காக அண்ணன் எல்லாத்தையும் உட்டுக்குடுக்கறாருன்னு ஒவ்வொரு வாரமும் அழுவறீங்க. நானும் பாத்துட்டுத்தான் இருக்கறேன். எனக்காக ஒரு பேச்ச உட்டுக்குடுக்க முடியாமப் போச்சுங்களா உங்களுக்கு?”

அப்பா துணியைப் பாட்டிலில் தொட்டது தொட்டபடியே இருந்தார். ஸ்பிரிட் அவர் விரல் வழியாக வழிந்து பாயில் சொட்டியது. அன்று வீட்டில் படம் ஓடவில்லை. நானும் அக்காவும் பக்கத்து வீட்டுக்குப் போய்க் கேபிளில் ஏதோ ஒரு புதுப்படத்தைப் பார்த்தோம். ஆசை ஆசையாய்ப் போன எனக்கு, சொன்னால் நம்பமாட்டீர்கள், கதை ஒன்றும் மனதில் ஏறவில்லை.

அந்த வாரத்திலேயே ஒரு காலையில், “கொடுமுடிக் கோயிலுக்குப் போலாம், கெளம்புங்க” என்று அப்பா அம்மாவையும் என்னையும் அழைத்தார். அம்மா ஏனென்று கேட்கவில்லை. ஈரோட்டில் பஸ் மாறிப் போய், ஆற்றங்கரைக் கோயிலில் கும்பிட்டுவிட்டு, வாழைப்பழமும் பூவுமாக நாச்சிமுத்து மாமா வீட்டுக்கு முன்னால் போய் நின்றோம். ருக்மணி அம்மாதான் வெளியே வந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“வாங்க, வாங்க. அவரு ஊட்டுல இல்லீங்களே. கொட்டாயில இருக்கறாருங்க. அவுங்காளு படம் ஒண்ண மத்தியான ஆட்டத்துக்குப் போட்டிருக்கறாங்க. போட்ட நாள்லருந்து தெனமும் போயி உக்காந்துக்கறாரு. கரும்புக்குத் தண்ணி உடறதுக்குக்கூட ஆளில்லீங்க. நான் என்ன பாவம் பண்ணுனனோ.”

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “இங்கயும் இதேதானுங்களா?” என்றாள். அந்த நிமிடமே அவர்கள் இருவரும் சம்பந்திகளாகிவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். வெற்றிலையை எடுத்துவைத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்கள். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு தியேட்டருக்கு நடந்தார்.

படம் தொடங்கியிருந்தது. மரப் பெஞ்சுகள், மேலே ஓர் ஓட்டு இடுக்கு வழியாக வெயில் ஒரு கோடாக விழுந்துகொண்டிருந்தது. கூட்டமே இல்லாததால் நாச்சிமுத்து மாமாவைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. அப்பா போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மாமா திரும்பிப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். சற்று நேரம் கழித்து, மடியில் இருந்த நிலக்கடலைப் பொட்டலத்தைப் பெஞ்சில் எங்கள் பக்கமாக நகர்த்தி வைத்தார். அப்பா இரண்டு கடலையை எடுத்துக்கொண்டார்.

என் வாழ்க்கையில் அப்பா வாயைத் திறக்காமல் பார்த்த ஒரே படம் அதுதான். திரையில் அவருக்குப் பிடிக்காத நடிகர் கயிற்றைப் பிடித்து மாடியிலிருந்து தாவினார், கத்தியைச் சுழற்றினார், பத்துப் பேரை ஒரே வீச்சில் சாய்த்தார். அப்பாவின் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. இடைவேளையில் மாமா சோடா வாங்கிக் கொடுத்தார். இரண்டு பேரும் சோடாவைப் பற்றிக்கூட ஒன்றும் பேசவில்லை.

பிற்பாதியில் ஒரு காட்சி. அந்தச் சண்டை வீரர், சாகக் கிடக்கிற தன் அம்மாவைப் பார்க்க வருகிறார். கத்தியைத் தரையில் வைத்துவிட்டு அவள் காலடியில் உட்காருகிறார். அழவில்லை, பேசவுமில்லை, காலைப் பிடித்துவிடுகிறார், அவ்வளவுதான். எனக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு சத்தம். பார்த்தால், நாச்சிமுத்து மாமா தோள்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்.

அப்பாவும் பார்த்துவிட்டார். அவர் உடம்பே நிமிர்ந்தது. எத்தனை வருடமாக அவர் காத்திருந்த தருணமோ அது, எதிர்க்கட்சிக்காரர் அழுதுகொண்டிருக்கிறார். அப்பாவின் வாய் திறந்தது. நான் அவர் தொடையில் என் பலம் முழுவதையும் கொண்டு கிள்ளினேன். அவர் என்னைக் குனிந்து பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டு திரையைப் பார்க்கத் தொடங்கினார்.

படம் முடிந்து வெளியே வந்தபோது வெயிலில் கண் கூசியது. தெருமுனை வரை நடந்தோம். மாமாதான் முதலில் கேட்டார்.

“எப்படீங்க படம்?”

“நல்லாருக்குதுங்க. சண்டையெல்லாம் சுத்தமா எடுத்திருக்கறாங்க.”

மாமா இன்னும் கொஞ்ச தூரம் நடந்தார். “கொட்டாய் பூராத் தூசிங்க. கூட்டறதே இல்ல. கண்ணுல உழுந்து ஒரே எரிச்சல்” என்றார்.

அப்பா அவரைப் பார்த்தார். மறுபடி கிள்ள வேண்டிவருமோ என்று நான் அப்பாவை நெருங்கி நடந்தேன்.

“ஆமாங்க, சரியான தூசிதானுங்க” என்றார் அப்பா. “எனக்கே ரெண்டு தடவ உழுந்துபோச்சுங்க.”

நாங்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மாவும் ருக்மணி அம்மாவும் நாள் நட்சத்திரம் வரைக்கும் பேசி முடித்திருந்தார்கள்.

தை மாதத்தில் அக்காவின் கல்யாணம் நடந்தது. ஈரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் கணக்கு டீச்சராகச் சேர்ந்தாள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள். அவர்கள் வாழ்க்கையைப் பற்றி நான் சொல்வதற்குக் குறையொன்றும் இல்லை. குறையெல்லாம் அந்த இரண்டு சம்பந்திகளால் எங்களுக்கு வந்து சேர்ந்ததுதான்.

தியேட்டரில் ஒருநாள் காட்டிய பொறுமையோடு அப்பாவின் கையிருப்புத் தீர்ந்துவிட்டது. கல்யாணமான பிறகு நாச்சிமுத்து மாமா மாதத்துக்கு ஒரு ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார், மகன் மருமகளைப் பார்க்க ஈரோடு போகிறவர் அப்படியே கோயம்புத்தூர் வரைக்கும் வந்துவிடுவார், தம் படத்தின் கேசட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு. முன்பெல்லாம் ஒரு படம், இப்போது இரண்டு. காலையில் அழுகை, மத்தியானம் சண்டை. “இதெல்லாம் ஒரு படமுங்களா” என்று ஒருவர் தொடங்கினால், “தப்பா நெனச்சுக்காதீங்க” என்று மற்றவர் முடிப்பார். கைகலப்பு வருமோ என்று முதல் சில மாதங்கள் அம்மா பயந்தாள். பிறகு பயம் போய் எரிச்சல் மட்டும் மிஞ்சியது. தீபாவளிக்கு அக்காவும் செல்வராஜ் மாமாவும் வந்தால், அவர் செருப்பைக் கழற்றாமலேயே வாசலில் நின்று உள்ளே காது கொடுத்துக் கேட்பார். வீணை இசை கேட்டால் அக்காவை அழைத்துக்கொண்டு நேராக மருதமலைக்குப் போய்விடுவார். எனக்குத்தான் போக்கிடமில்லை. பிளஸ் டூ பரிட்சைக்கு நான் படித்ததெல்லாம் கத்திச் சத்தத்துக்கும் ஒப்பாரிக்கும் நடுவில்தான். அதை எந்தக் காலத்திலும் நான் மன்னிப்பதாக இல்லை.

இப்போது அந்த டெக் இல்லை. எப்போதோ அம்மா பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டு, அப்பா பட்டறையில் இருந்த சமயமாகப் பார்த்துத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். கொடுமுடித் தியேட்டரை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள். பட்டறை இருந்த இடத்தை என் தாய்மாமா மகன் வாங்கி, அடுக்குமாடி கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறான். அம்மா போய்ச் சேர்ந்து நாளாயிற்று. நாச்சிமுத்து மாமா போன வருடம் மழைக்காலத்தில் காலமானார். அப்பா என்னோடு இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது. காது கொஞ்சம் மந்தம், மற்றபடி திடமாக இருக்கிறார்.

அந்த இரண்டு படங்களும் இன்று யார் கைபேசியிலும் கிடைக்கின்றன. எந்தத் துணியும் ஸ்பிரிட்டும் வேண்டாம். பெயரைத் தட்டினால் போதும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று, கூடத்து டி.வி.யில் அவர் படத்தைப் போட்டேன். நானாகப் போட்டது அதுதான் முதல் தடவை. அண்ணன்காரன் சிறையிலிருந்து வெளியே வந்தான், ரயில் ஏறினான். அப்பா ஒரு வசனத்தையும் சொல்லவில்லை. சத்தம் போதவில்லையோ என்று கூட்டினேன். அதற்கும் பலனில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் இதற்காகப் பிடுங்கிக்கொண்ட மனிதர், இப்போது நானே மெனக்கெட்டுப் போட்டுக் கொடுத்தால் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறார்.

“ஏனுங்கப்பா, பாக்கலீங்களா?”

“வேண்டாங் கண்ணு, நிறுத்திரு” என்றார். “இதெல்லாம் ஒரு படமான்னு கேக்கறதுக்கு ஆளில்லாம எப்படிப் பாக்கறது?”